மதுரையில் தன்னார்வலராக இருக்கும் பிள்ளையைப் பார்க்க வரும் அப்பா அம்மாவுக்கு ஊரைச் சுற்றிக்காட்டுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஊரிலிருந்து கிளம்பி வரும் அப்பாவும் அம்மாவும் "மீனாட்சியைக் கும்பிட்டு ரொம்ப நாளாச்சு, அப்படியே உன்னையும் பாத்துட்டு வரலாம்னுதான்" என்பார்கள். உண்மையில் அவர்கள் பார்க்க வருவது உங்களைத்தான். பிள்ளை எங்கே படுக்கிறது, யார் கையால் சாப்பிடுகிறது, சம்பளம் இல்லாத அந்த வேலையில் என்னதான் செய்கிறது, கூட இருப்பவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று கண்ணால் பார்த்துவிட்டால் ஊருக்குத் திரும்பியபின் நிம்மதியாகத் தூங்குவார்கள். அதனால் நீங்கள் இருக்கும் இடத்தையும் வேலை செய்யும் இடத்தையும் முதலில் காட்டுங்கள், அடுத்து கோயில், அதன்பிறகு மற்ற இடங்கள். வரிசையை மாற்றி முதல் நாளே அழகர்மலை, திருப்பரங்குன்றம் என்று வண்டி பிடித்தால் மூன்றாம் நாள் எல்லோரும் களைத்துப்போயிருப்பார்கள். உங்கள் அறையைப் பார்க்க அரைமணி நேரம்கூட மிஞ்சாது.

மாலை வகுப்பு, முதியோர் இல்லம், மருத்துவமனை, கண்மாய்ப் பணி என்று ஆறு மாதமோ ஒரு வருடமோ மதுரையில் தங்கியிருப்பவர்களுக்காக எழுதியது இது. பெற்றோருக்கு அறுபது வயதை ஒட்டி இருக்கும், மூன்று பகல் இரண்டு இரவு தங்குவார்கள் என்று வைத்துக்கொண்டுள்ளோம்.

1. நாள் குறிப்பது

தை பாதிக்கு மேல் மாசி முடியும்வரை நல்ல காலம். வெயில் ஏறியிருக்காது, மழையும் போயிருக்கும். கார்த்திகை முதல் தேதியிலிருந்து தைப் பொங்கல் வரை ஐயப்ப பக்தர்கள் வேன் வேனாக வந்து இறங்குவார்கள். அந்த நாட்களில் மீனாட்சியம்மன் கோயிலில் வரிசை எங்கே முடிகிறது என்றே தெரியாது. பங்குனியும் சித்திரையும் வேறு விதமான கஷ்டம்: காலை பத்து மணிக்கு மேல் கோயிலுக்குள் ஆடி வீதிக் கல்லில் வெறுங்காலோடு நடக்க முடியாது.

சித்திரைத் திருவிழாவுக்கே வருகிறோம் என்று அடம்பிடித்தால் அதைத் தனிப் பயணமாக வைத்துக்கொள்ளுங்கள். திருக்கல்யாணம், தேர், சித்ரா பௌர்ணமியன்று அழகர் வைகையில் இறங்குவது என்று அடுத்தடுத்து வரும், லாட்ஜ்கள் நிரம்பிவிடும். ஆற்றுக்குள் அழகரைப் பார்க்க வயதானவர்களைக் கூட்டிப்போக வேண்டாம். முந்தைய நாள் தல்லாகுளம் பக்கம் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவையில் சற்றே ஒதுங்கி நின்று பார்க்கலாம். அதுவே மனம் நிறையும்.

வாரநாள் கணக்கும் உண்டு. மீனாட்சியம்மன் கோயிலுக்கு வெள்ளிக்கிழமையும் பிரதோஷமும் வேண்டாம், திருப்பரங்குன்றத்துக்கு சஷ்டி, கிருத்திகை, முகூர்த்த நாள் மூன்றும் வேண்டாம். முருகன் தெய்வானையை மணந்த தலம் என்பதால் திருப்பரங்குன்றத்தில் முகூர்த்த நாளில் கல்யாணக் கோஷ்டிகள் வரிசை கட்டும். தேதி சொல்லும் முன் தினசரிக் காலண்டரைப் பாருங்கள்.

உங்கள் வேலையையும் பாருங்கள். பள்ளிப் பிள்ளைகளோடு இருப்பவர்கள் செப்டம்பர் கடைசி, டிசம்பர் நடு, மார்ச் என்று பரீட்சை வரும் வாரங்களில் பெற்றோரை வரச்சொல்லக் கூடாது. ஒருங்கிணைப்பாளரிடம் இரண்டு வாரம் முன்பே சொல்லி, உங்கள் வகுப்பை யார் எடுப்பது என்பதையும் நீங்களே பேசி முடித்துவிடுங்கள். மூன்று நாளும் முழு லீவு போடாதீர்கள். ஒரு மாலையாவது வழக்கம்போல வேலைக்குப் போங்கள், ஏன் என்று நான்காம் பகுதியில் சொல்கிறோம்.

2. தங்க வைப்பது

தன்னார்வலர்களின் அறையில் மூன்று பேர் படுத்திருப்பார்கள், குளியலறை பொதுவாக இருக்கும். அங்கே பெற்றோரைத் தங்கவைத்தால் அவர்களுக்கும் சங்கடம், கூட இருப்பவர்களுக்கும் சங்கடம். ரயில் நிலையத்துக்கும் கோயிலுக்கும் நடுவே மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி, டவுன் ஹால் ரோடு பக்கம் எல்லா விலையிலும் லாட்ஜ் உண்டு, இரண்டுக்கும் நடந்தே போகலாம். புக் பண்ணும் முன் போனில் விசாரிக்காமல் நேரில் போய் அறையைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். லிஃப்ட் ஓடுகிறதா, வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா, குளியலறைத் தரை வழுக்குகிறதா, வெந்நீர் எத்தனை மணி வரை வரும், ஜன்னல் தெருப்பக்கமா பின்பக்கமா. மதுரை ராத்திரியிலும் ஓயாத ஊர், தெருப்பக்க அறையில் தூக்கம் வராது.

வாடகைக் கணக்கையும் கேட்டுக்கொள்ளுங்கள். சில இடங்களில் 24 மணி நேரக் கணக்கு, சில இடங்களில் பகல் 12 மணிக்குக் காலி செய்ய வேண்டும். அதிகாலை ரயிலில் வருபவர்களுக்கு இரண்டாவது வகை என்றால் ஒரு நாள் வாடகை வீண். இருவரின் ஆதார் அட்டையும் கையில் இருக்கட்டும்.

3. இறங்கும் இடமும் முதல் அரை நாளும்

பஸ்ஸில் வந்தால் எந்த ஸ்டாண்ட் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், பாதிக் குழப்பம் இதில்தான். சென்னை, திருச்சி, தஞ்சாவூர், திருநெல்வேலி, நாகர்கோவில், ராமேஸ்வரம் வண்டிகள் மாட்டுத்தாவணி. கோவை, ஈரோடு, சேலம், தேனி, கம்பம் வண்டிகள் ஆரப்பாளையம். பெரியார் பஸ் நிலையம் டவுன் பஸ்ஸுக்கானது. மாட்டுத்தாவணி ஊரின் வடகிழக்கு மூலையிலும் ஆரப்பாளையம் மேற்கிலும் இருக்கின்றன. தப்பான இடத்தில் நீங்கள் காத்திருந்தால் ஒருமணி நேரம் போய்விடும்.

ரயிலில் வந்தால் கிழக்கு வாசல் என்று அழுத்திச் சொல்லுங்கள். மேல வெளி வீதிப் பக்கம் இருப்பது அதுதான், லாட்ஜ் தெருக்கள் எதிரே. மேற்கு வாசலில் இறங்கிவிட்டால் சுற்றி வர வேண்டும்.

இறங்கியதும் குளியல், டிபன், இரண்டு மணி நேரத் தூக்கம். மத்தியானச் சாப்பாட்டை நீங்கள் தினமும் சாப்பிடும் மெஸ்ஸிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பெரிய ஓட்டல் வேண்டாம். அந்த மெஸ் அக்கா "இவங்கதான் உங்க அம்மாவா? இவரு ரசமே ஊத்திக்க மாட்டேங்கறாரும்மா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அம்மாவுக்குப் பாதி பாரம் இறங்கிவிடும். அப்படியே அறையைக் காட்டுங்கள். அவசரமாக ஒதுக்கி வைக்க வேண்டாம், ஆனால் தலையணை உறையைத் துவைத்துப் போடுங்கள். வீட்டு உரிமையாளரிடம் அறிமுகம் செய்துவையுங்கள்.

4. வேலை செய்யும் இடத்தைக் காட்டுவது

இந்தப் பகுதியில்தான் கவனம் அதிகம் வேண்டும். நிறைய பேர் கோட்டை விடுவதும் இங்கேதான்.

முதலில் அனுமதி. மருத்துவமனையானாலும் குழந்தைகள் இல்லமானாலும் வெளியாட்கள் வர நேரமும் முறையும் இருக்கும். "என் அப்பா அம்மாதானே" என்று நேரே உள்ளே கூட்டிப்போகக் கூடாது. இன்ன நாள், இன்ன நேரம், முக்கால் மணி நேரம் என்று எழுதிக் கேளுங்கள்.

அடுத்தது, பெற்றோரிடம் முன்கூட்டியே பேச வேண்டியவை. இது கூச்சமாக இருக்கும், ஆனாலும் பேசுங்கள். பிள்ளைகளிடம் "அப்பா என்ன பண்றாரு?" என்று கேட்பது நம் வீடுகளில் முதல் கேள்வி. அப்பா இல்லாத பிள்ளைக்கு அது குத்தும். எந்த ஊர், என்ன ஆளுங்க என்ற கேள்விகளும் வேண்டாம். பதிலாக, என்ன வகுப்பு, எந்தப் பாடம் பிடிக்கும், என்ன விளையாடுவீங்க என்று கேட்கலாம். முதியோர் இல்லத்தில் "பிள்ளைங்க பாக்க வர்றாங்களா?" என்பதும் அதே ரகம்.

படம் எடுப்பதையும் சொல்லிவிடுங்கள். குழந்தைகள் இல்லத்தில் இருக்கும் பிள்ளைகளை அடையாளம் தெரியும்படி படம் வெளியிடுவது 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. அப்பா நல்ல மனதோடு சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு படம் போட்டாலும் சிக்கல் உங்களுக்கும் நிறுவனத்துக்கும்தான். போனை வாசலிலேயே பைக்குள் வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் வேலை செய்யும் மேசை, கரும்பலகை, தோட்டம் என்று ஆளில்லாத இடங்களை நீங்களே ஒருநாள் முன்பு எடுத்து வைத்திருந்து கொடுங்கள், ஊரில் காட்ட ஏதாவது வேண்டும் அல்லவா.

வெறுங்கையோடு வரமாட்டார்கள். எத்தனை பேர் என்று சொல்லிவிட்டால் கணக்காக வாங்கி வருவார்கள். நாற்பது பிள்ளைகள் என்றால், திருநெல்வேலி அல்வா ஒரு கிலோவை 25 கிராம் துண்டுகளாகப் போட்டால் சரியாக நாற்பது வரும். ஆனால் ஒட்டும், கை கழுவ வேண்டும், ஒரு துண்டு சிறிதானால் சண்டை வரும். கோவில்பட்டி கடலைமிட்டாய் எண்ணிக் கொடுக்கச் சுலபம். ஐந்து கூடுதலாக வாங்கச் சொல்லுங்கள், சமையலக்காவையும் வாட்ச்மேனையும் மறந்துவிடக் கூடாது. முதியோர் இல்லத்துக்கு இனிப்பு வேண்டாம், பாதிப்பேருக்குச் சர்க்கரை இருக்கும். வாழைப்பழமும் கேட்டுவிட்டுத்தான்.

உள்ளே வந்தபின் நாற்காலி போட்டு உட்காரவைத்து வேடிக்கை பார்க்க விடாதீர்கள். பரிசோதகர் வந்ததுபோல் ஆகிவிடும். அம்மாவை ஒரு கதை சொல்லச் சொல்லலாம், பூக்கட்டத் தெரிந்தால் பெரிய பிள்ளைகளுக்குக் கற்றுத் தரலாம். அப்பாவுக்குக் கணக்கு வரும் என்றால் நான்கு பேரை அவர் பக்கம் அனுப்புங்கள். கண்மாய்ப் பணியில் இருப்பவர்கள் கரைமேல் நடத்திக் கூட்டிப்போய் தண்ணீர் திறந்துவிடும் மடையையும், மிகுந்த நீர் வழியும் கலுங்கையும் காட்டுங்கள், விவசாயக் குடும்பம் என்றால் அப்பா உங்களுக்கே பாடம் எடுப்பார். நீங்கள் அந்த அரைமணி நேரம் உங்கள் வேலையைப் பாருங்கள். பிள்ளைகள் உங்களை "அண்ணே", "அக்கா" என்று கூப்பிட்டு நோட்டைக் கொண்டுவந்து நீட்டுவதைப் பெற்றோர் பார்க்க வேண்டும். ஒரு மாலையாவது வழக்கம்போல வேலைக்குப் போகச் சொன்னது இதற்காகத்தான்.

கடைசியாக, ஒருங்கிணைப்பாளரோடு பதினைந்து நிமிடம். நீங்கள் அந்த அறையில் இருக்க வேண்டாம், வெளியே வந்துவிடுங்கள். உங்களைப் பற்றி ஒரு பெரியவர் வாயால் நேரில் கேட்க வேண்டும் என்பதுதான் அவர்கள் ஆசை. அவருடைய போன் நம்பரை ஒரு காகிதத்தில் எழுதி அம்மாவின் பர்ஸில் வையுங்கள்.

5. மீனாட்சியம்மன் கோயில்

இரண்டாம் நாள் காலை. நடை அதிகாலை ஐந்து மணியளவில் திறந்து பகல் பன்னிரண்டரைக்குச் சாத்தி, மீண்டும் மாலை நான்குக்குத் திறக்கும். ஆறரைக்குள் உள்ளே போய்விட்டால் ஒன்பதரைக்கு நிதானமாக வெளியே வரலாம்.

லாட்ஜிலேயே டாய்லெட் போய்விட்டு, ஒரு காபி மட்டும் குடித்துவிட்டுக் கிளம்புங்கள். மாத்திரை சாப்பிட்ட பிறகு சாப்பிட வேண்டியவர்கள் என்றால் முதலில் இட்லி, பிறகு கோயில். சர்க்கரைக்காரர்களை வெறும் வயிற்றோடு வரிசையில் நிறுத்தினால் மயக்கம் வரும். உடை விஷயத்தில் பெற்றோரைவிட நீங்கள்தான் கவனிக்க வேண்டும்: ட்ராக் பேண்ட், முக்கால் பேண்ட், அரைக்கை பனியன் எல்லாம் வேண்டாம்.

2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீ விபத்து நடந்தது. அதன்பிறகு கோயிலுக்குள் செல்போன் கிடையாது. லாட்ஜிலேயே எல்லாப் போனையும் பூட்டி வைத்துவிட்டு ஒரே ஒரு போனோடு வந்தால், வாசலில் போனை ஒப்படைக்கும் இடத்தில் நேரம் மிச்சம். டோக்கனை அம்மா முந்தானையில் முடிந்துகொள்ளட்டும்.

இப்போது முக்கியமான ஒன்று. நான்கு பக்கமும் கோபுரம், நான்கு பக்கமும் வாசல். நீங்கள் எந்த வாசலில் செருப்பையும் போனையும் விட்டீர்களோ அதே வாசலுக்குத்தான் திரும்ப வர வேண்டும். உள்ளே சுற்றிவிட்டு அசதியில் தெற்கு வாசல் வழியாக வெளியே வந்து, கிழக்குப் பக்கம் விட்ட செருப்புக்காகச் சித்திரை வீதியில் வெறுங்காலோடு வெயிலில் நடப்பவர்களை எந்த நாளும் பார்க்கலாம். கிழக்கு என்று முடிவுசெய்து, இருவரிடமும் மூன்று முறை சொல்லுங்கள். போன் இல்லாத இடத்தில் ஒருவர் தவறிவிட்டால் கூடும் இடத்தையும் சொல்லுங்கள்: "காணோம்னா முக்குறுணிப் பிள்ளையார்கிட்ட நில்லுங்க." எட்டடி உயரப் பிள்ளையார், கோயிலில் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள்.

வழி இப்படி. கிழக்குப் பக்கம் அஷ்டசக்தி மண்டபம் வழியாக நுழையுங்கள். மதுரையில் முதல் வணக்கம் மீனாட்சிக்கு, பிறகுதான் சொக்கநாதர். மீனாட்சி நாயக்கர் மண்டபம் தாண்டினால் பொற்றாமரைக் குளம். இங்கே படியில் பத்து நிமிடம் உட்கார வையுங்கள். குளத்தின் நடுவே தங்கத் தாமரை நிற்கும், தென்கோபுரம் தலைக்கு மேல் எழுந்து தெரியும், அதுதான் எல்லாவற்றிலும் உயரமானது. திருப்பணி நடக்கும் காலமானால் கோபுரத்தைச் சாரம் மறைத்திருக்கும், அதை முன்பே சொல்லிவிட்டால் ஏமாற்றம் இல்லை. அங்கிருந்து கிளிக்கூண்டு மண்டபம், அம்மன் சன்னதி. பொது வரிசை நீளமாக இருந்தால் கட்டணத் தரிசனச் சீட்டு எடுத்துவிடுங்கள். "காசு குடுத்தா சாமி பாக்கணும்?" என்று அப்பா முணுமுணுப்பார், மூட்டு வலிக்காரரை ஒன்றரை மணி நேரம் நிற்க வைப்பதைவிட அது மேல்.

அம்மன் சன்னதியிலிருந்து வெளியே வந்தால் முக்குறுணிப் பிள்ளையார், அவரைத் தாண்டி சுவாமி சன்னதி. கம்பத்தடி மண்டபத்தில் மீனாட்சி திருக்கல்யாணச் சிற்பத்தைக் கிட்டே நின்று பாருங்கள். கைப்பிடித்துக் கொடுக்கும் பெருமாளின் முகத்திலும், நாணித் தலைகுனிந்த மீனாட்சியின் முகத்திலும் தெரியும் வேறுபாட்டைக் கல்லில் எப்படிக் கொண்டுவந்தான் அந்தச் சிற்பி என்று தோன்றும். உள்ளே வெள்ளியம்பலத்தில் நடராஜர் கால் மாறி ஆடுகிறார், மற்ற ஊர்களில் இடக்கால் தூக்கியிருக்கும், இங்கே வலக்கால். அம்மாவைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கடைசியில், உடம்பில் தெம்பிருந்தால், வடகிழக்கு மூலையில் ஆயிரங்கால் மண்டபம். பெயர்தான் ஆயிரம், தூண்கள் 985. தனிச் சீட்டு. அங்கிருந்து கிழக்கு வாசல் பக்கம்தான், செருப்பு காத்திருக்கும்.

உங்களோடு வேலை செய்யும் வேற்று மத நண்பர் சேர்ந்து வந்தால் அவர் கருவறைப் பக்கம் போக முடியாது. குளக்கரையும் மண்டபங்களும் பார்க்கலாம். இதை வாசலில் வைத்துச் சொல்லி முகம் வாட வைக்காமல் முன்தினமே சொல்லுங்கள். பெற்றோர் பெருமாள் கோயில்காரர்கள் என்றால் பெரியார் நிலையம் பக்கத்தில் கூடலழகர், இருந்த, நின்ற, கிடந்த கோலங்கள் மூன்றும் ஒரே விமானத்தில் அடுக்கடுக்காக. கீழ வெளி வீதியில் புனித மரியன்னை பேராலயமும், ஆற்றுக்கு வடக்கே கோரிப்பாளையம் தர்காவும் உண்டு.

6. மத்தியானமும் மாலையும்

பன்னிரண்டிலிருந்து மூன்றரை வரை அறையில் படுக்க விடுங்கள். இதை விட்டுக்கொடுக்கவே கூடாது.

மாலை நான்குக்குத் திருமலை நாயக்கர் மகால். 1636-ல் கட்டியது, இன்று நிற்பது பழைய அரண்மனையின் ஒரு பகுதிதான். பக்கத்தில் பத்துத்தூண் சந்தில் ஜவுளிக்கடைகளுக்கு நடுவே தனியாக நிற்கும் கல்தூண்களைப் பார்த்தால் அந்த அரண்மனை எவ்வளவு தூரம் பரந்திருந்தது என்று புரியும். ஐந்து மணிக்குள் பார்த்து முடித்துவிட்டு, ஒலி-ஒளிக் காட்சி அன்று உண்டா என்று சீட்டு கொடுக்கும் இடத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து ஆட்டோவில் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். மகால் கட்ட மண் எடுத்த பள்ளமே இந்தக் குளம் என்றும், தோண்டும்போதுதான் முக்குறுணிப் பிள்ளையார் கிடைத்தார் என்றும் சொல்வார்கள், காலையில் பார்த்த பிள்ளையாரோடு கதை சேர்ந்துவிடும். இருட்டும் நேரத்தில் சுற்றுச்சுவரில் காற்று நன்றாக வரும். "இது எத்தனை நாளைக்குப்பா? அப்புறம் என்ன பண்ணப்போற?" என்ற கேள்வி வரும் இடம் இதுதான், வரட்டும். எந்த மாதம் முடிகிறது, அடுத்து எதற்கு விண்ணப்பிக்கிறீர்கள், கையில் செலவுக்கு என்ன இருக்கிறது என்று மூன்றுக்கும் நேரடியான பதிலோடு போங்கள். "பாக்கலாம்பா" என்பது பதில் ஆகாது.

7. மூன்றாம் நாள்: ஊருக்கு வெளியே ஒரே ஒரு திசை

நான்கு திசையில் நான்கு இடம் இருக்கிறது. ஒன்றை மட்டும் எடுங்கள், மத்தியானத்துக்குள் திரும்புங்கள்.

வடக்கே 21 கிலோமீட்டரில் அழகர்கோயில். முதலில் மலைமேல் பழமுதிர்சோலை, பிறகு கீழே இறங்கி அழகர், ஏனென்றால் மத்தியானம் நடை சாத்தினால் கீழே காத்திருக்க நிழல் உண்டு. மலைமேல் குரங்குகள் பூஜைத் தட்டையும் கண்ணாடியையும் பறிக்கும், பிளாஸ்டிக் பை கையில் தொங்கக் கூடாது. பதினெட்டாம்படிக் கருப்பர் சன்னதியில் சாத்திய கதவுக்குத்தான் வழிபாடு, உருவத்தைத் தேட வேண்டாம். அழகர்கோயில் தோசை பிரசாதமாகக் கிடைத்தால் வாங்குங்கள், உளுந்தும் மிளகும் நெய்யும் சேர்ந்த தடித்த தோசை, இரண்டு நாள் தாங்கும்.

தென்மேற்கே 8 கிலோமீட்டரில் திருப்பரங்குன்றம். மலையைக் குடைந்த கருவறை என்பதால் உள்ளே படிகள் உண்டு, மூட்டு வலி இருந்தால் மெதுவாக. இங்கே அபிஷேகம் மூலவருக்கு இல்லை, வேலுக்குத்தான்.

தென்கிழக்கே சிலைமான் பக்கம் கீழடி. அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறந்தது, செட்டிநாட்டு வீட்டு அமைப்பு, முற்றமும் திண்ணையும் உள்ளதால் உட்கார்ந்து உட்கார்ந்து பார்க்கலாம். ஓட்டில் கீறிய "ஆதன்" என்ற பெயரை எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டுங்கள். அம்மாவை வட்டச் சில்லுகள் முன் நிறுத்துங்கள். பானை ஓட்டை வட்டமாகத் தேய்த்துப் பாண்டி ஆடியவர்கள் அம்மாவின் தலைமுறையினர், இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலான சில்லைப் பார்த்ததும் கை தானாக நீளும். வார விடுமுறை நாளைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

மேற்கே கீழக்குயில்குடி சமணர் மலை. காலை ஏழு மணிக்கு, தாமரைக் குளமும் ஆலமரத்தடி அய்யனாரும் பார்த்துவிட்டு, சமணச் சிற்பங்கள் உள்ள செட்டிப்புடவுக் குகை வரை மட்டும் ஏறினால் போதும். மலைமேல் இருக்கும் பேச்சிப்பள்ளத்துக்குப் படி அதிகம்.

மலை ஏற முடியாதவர்களுக்கு, வெயில் நாளுக்கு, காந்தி அருங்காட்சியகம். ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் 1959-ல் திறந்தது, சுற்றிலும் மரநிழல். சுடப்பட்டபோது காந்தி உடுத்தியிருந்த துணி இங்கே இருக்கிறது. 1921 செப்டம்பர் 22 அன்று அவர் அரையாடைக்கு மாறியதும் இதே மதுரையில், மேல மாசி வீதி வீட்டு மாடியில்.

8. வண்டியும் சாப்பாடும்

முகப்பில் பிங்க் நிறம் அடித்த சாதாரண டவுன் பஸ்ஸில் அம்மாவுக்கு இலவசம், அப்பாவுக்கு மட்டும் சீட்டு எடுங்கள். கட்டணமில்லாச் சீட்டை அம்மா வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஆட்டோவில் ஏறும் முன் தொகையைப் பேசி, போகும் இடத்தோடு திரும்புவதையும் சேர்த்துப் பேசுங்கள். தெப்பக்குளத்திலும் அழகர்கோயிலிலும் திரும்பும் வண்டிக்குத்தான் அதிகம் கேட்பார்கள்.

ஜிகர்தண்டா குடிக்காமல் விடமாட்டார்கள். சுண்டக்காய்ச்சிய பால், பாதாம் பிசின், நன்னாரி சர்பத், ஐஸ்கிரீம் என்று எல்லாம் இனிப்பு. சர்க்கரை இருந்தால் சின்ன டம்ளர் ஒன்றை மூன்று பேர் பகிர்ந்துகொள்ளுங்கள். தொண்டை கட்டுகிறவர்களுக்குச் சாயங்காலம் தள்ளுவண்டியில் சூடாகப் பருத்திப்பால், சுக்கும் கருப்பட்டியும் போட்டது. கறிதோசை சாப்பிடுபவர்கள் இருவருக்கு ஒன்று என்று சொல்லுங்கள். தோசை, முட்டை, கறி என்று மூன்று அடுக்கு, ராத்திரி எட்டுக்கு மேல் செரிக்காது. நெஞ்சுவலி, மயக்கம் என்றால் யோசிக்காமல் 108.

9. கிளம்பும் நாள்

சுங்குடிச் சேலை வாங்கினால் புள்ளியைத் தொட்டுப் பாருங்கள். நூலால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்ததில் புள்ளிகள் கொஞ்சம் முன்பின்னாக, துணியில் சிறு சுருக்கத்தோடு இருக்கும். அச்சு அசலாக ஒரே அளவில் வரிசையாக இருந்தால் அது பிரிண்ட். பிரிண்ட்டும் வாங்கலாம், அந்த விலைக்கு வாங்குங்கள். முதல் தடவை உப்புப் போட்ட தண்ணீரில் தனியாக அலச வேண்டும்.

பூவைக் கடைசியாக வாங்குங்கள். மார்கழி, தையில் விளைச்சல் குறைந்து விலை ஏறிக் கிடக்கும், வெயில் காலத்தில் மல்லி மலிவு. முழம் அளக்கும்போது நீளத்தைப் பார்க்காமல் நெருக்கத்தைப் பாருங்கள், இடைவெளி விட்டுக் கட்டிய இரண்டு முழத்தைவிட நெருக்கிக் கட்டிய ஒரு முழம் மேல். மொட்டு தடித்து, காம்புப் பக்கம் லேசாகப் பச்சை ஓடி, இறுக்கமாக இருக்க வேண்டும். பாதி விரிந்தது வீடு போய்ச் சேரும்முன் பழுப்பேறிவிடும். பிளாஸ்டிக் கவரில் போட்டால் வேர்த்துக் கருகும். வாழையிலையில் பொதிந்து, வாழைநாரால் கட்டித் தரச் சொல்லுங்கள், தண்ணீர் தெளிக்க வேண்டாம்.

பஸ் கிளம்ப அரைமணி முன்னால் ஸ்டாண்டில் இருங்கள். பூப்பொதியை ஜன்னல் வெயில் படாத பக்கம் அம்மா மடியில் வையுங்கள். சாயங்காலம் ஏறினால் வழியிலேயே மொட்டு விரியத் தொடங்கும்.